கோய்ல் போயாச்சு, அடுத்த கோச் யார்? குமரிக்காரங்க எல்லாரும் வாங்க (2025 ஆகஸ்ட்)

நாஞ்சில் நீலம் (நாகர்கோவில்):
மக்கா, நம்ம சென்னையின் எஃப்சி கோச் ஓவன் கோய்ல் போயாச்சு. இரண்டாவது முறை. முதல் முறை போனபோது எனக்கு வயிறு எரிந்தது, இந்த முறை வருத்தமும் இல்லை சந்தோஷமும் இல்லை, பேசிக்கொண்டே இருந்து ஆறிப்போன டீயை எடுத்துக் குடிக்கிற மாதிரி இருக்கு. 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபுட்பாலில் நாம் வந்தது 11வது இடம், மொத்தமே 13 அணி. அதற்கு முந்தைய வருடம் ஆறாவதாக வந்து பிளேஆஃப் போய் கோவாவிடம் தோற்றோம், நாலு வருடத்துக்குப் பிறகு அது வரைக்குமாவது போனோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டோம், அடுத்த வருடமே இந்த நிலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிக்கிறவர்கள் அடிக்கலாம். இந்த முறை இந்தியக் கோச்தான் வேண்டும். மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்தான் இருக்க முடியும், 2021-22லிருந்து அதுதான் விதி. மீதி ஏழு பேர் நம்ம பையன்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த ஏழு பேரில் யார் எந்தக் காலில் அடிப்பான் என்று பிடிபடவே பாதி சீசன் போய்விடுகிறது, அதற்குள் நாம் பாயிண்ட் பட்டியலில் கீழே இருந்து எண்ண ஆரம்பித்துவிடுகிறோம்.

நான் சொல்கிற பெயர் கிளிஃபோர்ட் மிராண்டா. 2023ல் ஒடிசா அணி கோச்சை அனுப்பிவிட்டு இவரிடம் தற்காலிகமாகத்தான் அணியைக் கொடுத்தது. அவர் போய் சூப்பர் கப்பையே தூக்கினார், கோழிக்கோட்டில், பெங்களூருவை 2-1. வேற யாராவது இருந்தால் சொல்லுங்க.

மஞ்சப்படை மார்த்தாண்டம்:
பதினொன்றாவது இடத்துக்கு எதுக்குடே கோச், ஒரு வாட்ச்மேன் போதும்.

நாஞ்சில் நீலம்:
வந்துட்டார் மஞ்சச்சட்டை. அண்ணே, உங்க கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று ஃபைனல் ஆடி மூன்றிலும் தோற்றது. 2014, 2016, 2022. எங்களிடம் இரண்டு கோப்பை இருக்கு. அலமாரியில் தூசி படிந்திருக்கு, ஒத்துக்கிறேன், ஆனால் இருக்கு.

மஞ்சப்படை மார்த்தாண்டம்:
சரி சரி, கோபப்படாதே. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு 700 கிலோமீட்டர், கொச்சிக்கு அதில் பாதி கூட இல்லை. காலையில் ரயில் ஏறினால் கலூர் ஸ்டேடியத்தில் சாயங்கால மேட்ச் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் கடை திறந்துவிடுவேன். நீங்க ஒரு மேட்ச் பார்க்க மூன்று நாள் லீவு போடுகிறீர்கள். மொழி எந்தப் பக்கம் என்ற சண்டை 1956ல் முடிந்தாச்சு, பந்து எந்தப் பக்கம் என்பது இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

கோச் விஷயத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இவான் வுகோமனோவிச் எங்களிடம் மூன்று சீசன் இருந்தார், மூன்றிலும் பிளேஆஃப். அதுக்கு முன்னால் எங்கள் கிளப்பில் கோச் என்றால் வாடகைக்கு வீடு எடுத்தவர் மாதிரி, பெட்டியைப் பிரிக்கிறதுக்குள் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். பெங்களூரில் 2023 மார்ச்சில் எங்கள் ஆட்கள் தயாராகும் முன்பே பெங்களூரு அணியின் சேத்ரி அடித்த அந்த ஃப்ரீ கிக்குக்காக அணியையே கூட்டிக்கொண்டு வெளியே போனாரே, அது சரியா தப்பா என்று இன்றைக்கும் என் கடையில் சண்டை நடக்குது, பத்து மேட்ச் தடையும் நாலு கோடி அபராதமும் சும்மாவா. ஆனால் இந்த ஆள் நம்ம ஆள் என்று கூட்டம் அன்றைக்கு முடிவு செய்தது. அவரையும் அனுப்பினார்கள். அடுத்து வந்த ஸ்டாரே 2024 டிசம்பரைக் கூடத் தாண்டவில்லை. ஆகவே பெயரை விடுங்க, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்க.

கூட்டல் கழித்தல் (தக்கலை):
இதே விஷயத்தைக் கணக்காகப் பார்க்கலாம். மாட்டரஸி கோச்சாக இருந்து 2015ல் கோப்பை. ஜான் கிரிகரி 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று அடித்துக் கோப்பை. அதே கிரிகரி, கிட்டத்தட்ட அதே அணி, அடுத்த சீசன் 18 மேட்ச்சில் இரண்டே வெற்றி, கடைசி இடம். அதற்கு அடுத்த சீசனும் சரியில்லாமல் அவர் கிளம்ப, 2019 டிசம்பரில் கோய்ல் வந்தார், தரையில் கிடந்த அணியை ஃபைனல் வரை தூக்கிக்கொண்டு போனார். பிறகு லாஸ்லோ எட்டாவது இடம், பண்டோவிச் எட்டாவது இடம், பிர்டாரிச் எட்டாவது இடம். மூன்று பேர் மூன்று நாட்டிலிருந்து வந்து ஒரே எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோச்தான் எல்லாம் என்பதற்கும் கோச்சால் ஒன்றும் ஆகாது என்பதற்கும் சாட்சி ஒரே கிளப்பில் கிடைப்பது நமக்கு மட்டும்தான்.

ஐஸ்பிளாண்ட் (கொளச்சல்):
கோய்லை விட்டால் இனி கோயிலுக்குத்தான் போகணும்.

ஷார்ஜா ஷிப்ட்:
இங்கே ராத்திரி ஷிப்ட், பிரேக்கில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கோங்க. இந்தியக் கோச் இந்தியக் கோச் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், கோப்பை ஜெயித்தது யார்? மாட்டரஸி, கிரிகரி. அந்த 2015 ஃபைனலை நான் மறக்கவே மாட்டேன். சென்னையில் வெள்ளம் வந்து நம்ம செமிஃபைனல் ஹோம் மேட்ச்சையே பூனாவில் ஆடினோம், அப்புறம் ஃபடோர்டாவில் கோவாவுக்கு எதிராக 90வது நிமிடம் வரை 2-1 என்று பின்னால் இருந்தோம், அவர்கள் கோலியே பந்தைத் தன் வலைக்குள் தட்டிவிட்டான், அடுத்த நிமிடமே மெண்டோசா அடித்தான், 3-2. ரூமில் எட்டுப் பேர் இருந்தோம், ஏழு பேருக்கு ஃபுட்பாலே தெரியாது, அவர்களும் குதித்தார்கள்.

எனக்கு ஹபாஸ் மாதிரி ஒரு ஆள் வேண்டும். 2014லும் 2020லும் கொல்கத்தாவுக்குக் கோப்பை, 2024ல் மோகன் பாகானுக்கு லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டு. ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அழகு வேண்டாம், பாயிண்ட் வேண்டும்.

நாஞ்சில் நீலம்:
அண்ணே, ஹபாஸுக்கு 68 வயசு. பெரிய கோச்தான், மறுக்கவில்லை, ஆனால் அவர் எங்கே போனாலும் ரொம்ப நாள் நிற்க மாட்டார். ஜெயித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பின்னால் நாம் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு புது வீடு கட்டணும் என்றால் கூப்பிடுகிற ஆளை, ஓடு மாற்றக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடக்கூடாது. சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை, புரிந்திருக்கும்.

ஐஸ்பிளாண்ட்:
புரியல. ஆனா வெளிநாட்டுக் கோச் என்றால் எப்படி இருக்கணும் என்று எங்க ஊர் உலகத்துக்கே காட்டியிருக்கு. 1741 ஆகஸ்ட் 10, கொளச்சல். டச்சுக்காரன் கப்பலில் வந்தான், தோற்றான், அவர்கள் அதிகாரி டிலனாய் பிடிபட்டார். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா என்ன செய்தார்? அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பினாரா? நீயே என் படைக்குக் கோச்சாக இரு என்று சொன்னார். அந்த மனுஷன் முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தார், படையைப் பழக்கினார், கோட்டையைப் பலப்படுத்தினார், 1777ல் செத்து உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம். கல்லறையை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், புலியூர்க்குறிச்சி ஸ்டாப்பில் இறங்கினால் நடக்கிற தூரம்.

என் ஓட்டு டிலனாய்க்கு.

மஞ்சப்படை மார்த்தாண்டம்:
மக்களே, இந்த இழையில் முதல் உருப்படியான பெயர் 😂 ஒப்பந்தம் எத்தனை சீசன்? 36.

ஷார்ஜா ஷிப்ட்:
தோற்ற கோச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளணும் என்றால் நம்மிடம் ஏற்கனவே நிறைய பேர் இருந்தார்களே.

தூத்தூர் கரை:
சிரித்து முடிந்ததா? நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமை இருந்தால் படியுங்க.

எங்கள் பக்கம் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் வரிசையாக ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோவில், ஒரு படிப்பகம், ஒரு ஃபுட்பால் டீம், இந்த மூன்றும் இல்லாத ஊர் கிடையாது. எங்கள் ஆழ்கடல் படகுகள் பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில்தான் மீன் இறக்கும், அதனால் பாதிப் பையன்களுக்கு பிளாஸ்டர்ஸ் சட்டை, மீதிப் பேருக்கு சென்னையின் எஃப்சி சட்டை. கரையில் ஏறினால் நீலம், படகில் ஏறினால் மஞ்சள் என்று மாற்றிக்கொள்கிறவனும் இருக்கிறான், அவனை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் வந்தான். சென்னை சிட்டி என்ற வேறு கிளப்பில், ஐ-லீக் என்ற வேறு தேசிய லீகில் 2017-18ல் ஆடினான், கலக்கினான், நாடே பார்த்தது. அடுத்த சீசனில் அவனை யார் எடுத்தது? ஜாம்ஷெட்பூர். சென்னைக்கும் எங்களுக்கும் ஒரு ராத்திரி ரயில்தான், ஜாம்ஷெட்பூர் எங்கே இருக்கு என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு அடுத்து கொல்கத்தா எடுத்தது. 2020 மார்ச் 14, ஐஎஸ்எல் ஃபைனல், கொரோனாவால் ஆள் இல்லாத ஸ்டேடியம், நம்ம கோய்ல் தூக்கிக்கொண்டு வந்த சென்னையின் எஃப்சி ஒரு பக்கம், சூசைராஜ் இருக்கிற கொல்கத்தா மறுபக்கம். படிப்பகத்தில் டிவி முன்னால் நாங்கள் ஐம்பது பேர். யாருக்குக் கத்துவது என்றே தெரியவில்லை. ஒரு கோல் விழுந்ததும் பாதிப் பேர் எழுந்து, பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். 3-1 என்று தோற்றோம். இல்லை, ஜெயித்தோம். இன்று வரைக்கும் எனக்கு அது சரியாகத் தெரியவில்லை.

அந்த வருடம் நவம்பரிலேயே, அடுத்த சீசனின் முதல் மேட்ச், பிளாஸ்டர்ஸுக்கு எதிராக, ஆரம்பித்துக் கால் மணி நேரம் கூட இருக்காது, சூசைராஜுக்கு முட்டி போய்விட்டது. இன்னும் ஊரில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை.

ஆகவே எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வருகிற கோச் மிராண்டாவாக இருக்கட்டும், ஹபாஸாக இருக்கட்டும், அந்த டிலனாயாகவே இருக்கட்டும். எங்கள் கடற்கரைக்கு ஒரு தடவை வந்து ஒரு மேட்ச் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் அவருக்கு என் ஓட்டு.

கூட்டல் கழித்தல்:
தூத்தூர் அண்ணே, மனசைத் தொட்டுவிட்டீர்கள், ஆனால் எதிர்த்துத்தான் பேச வேண்டியிருக்கு. அது கோச் வேலை இல்லை. கோச்சுக்கு வாரத்துக்கு ஒரு மேட்ச், மூன்று தோற்றால் அவர் பெட்டி கட்டணும், அந்த நிலையில் இருக்கிற மனுஷன் பதினாறு வயசுப் பையனைத் தேடி இரவிபுத்தன்துறை வருவாரா? வந்தால் அது அவருடைய நல்ல மனசு, வேலை அல்ல. ஆள் தேடுவதற்கு கிளப்பில் தனியாக ஆள் வைக்கணும், அவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கணும். நாம் எல்லாக் கோபத்தையும் கோச் தலையில் கொட்டுவதால்தான் உள்ளே இருக்கிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பிடி சார் (திங்கள்சந்தை):
இருவரும் சொல்வது பாதி பாதி சரி. நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதியவன், அதனால் கொஞ்சம் வகுப்பு எடுப்பேன்.

முதலில் ஒன்று. ஐஎஸ்எல்லில் தலைமைக் கோச்சாக உட்கார புரோ லைசென்ஸ் வேண்டும். டி, சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ. ஒவ்வொன்றுக்கும் இடையில் வருடக்கணக்கில் வேலை செய்து காட்டணும், கையிலிருந்து பணமும் போகணும். எனவே இந்தியக் கோச் வேண்டும் என்றதும் கடையில் எடுத்துக்கொடுக்கிற மாதிரி இல்லை, அந்தப் படியில் ஏறி முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் காலித் ஜமீலை இந்திய அணிக்கே எடுத்துக்கொண்டார்கள். சாவியோ மெடைரா 2012ல் போன பிறகு ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்காருவது இப்போதுதான். 2017ல் ஐஸ்வால் என்ற சின்ன ஊர் அணிக்கு ஐ-லீக் கோப்பை வாங்கிக் கொடுத்த மனுஷன். சென்ற சீசன் ஜாம்ஷெட்பூரை செமிஃபைனல் வரை கொண்டு போனார். நமக்கு அவர் கிடைத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு பெயர் யாரும் சொல்லவில்லை. சையத் சபீர் பாஷா. நம்ம மாநிலத்து ஆட்டக்காரர், சென்னையின் கிளப்பிலேயே வருடக்கணக்கில் இருந்தவர், 2022ல் பண்டோவிச் போனதும் மீதி மேட்ச்களுக்கு அவர்தான் நின்றார். தீ பிடித்தால் கூப்பிடுகிறோம், அணைந்ததும் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, கடற்கரைப் பையன்களைப் பற்றி. மணலில் பழகுகிறவனுக்குக் கெண்டைக்கால் இரும்பு மாதிரி. பந்து மணலில் உருளாது, அதனால் அவன் சின்ன வயதிலேயே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும், இடம் இல்லாத இடத்தில் திரும்பவும், பந்தை லேசாகத் தூக்கிக் கொடுக்கவும் கற்றுக்கொள்கிறான். அவனைப் புல் தரையில் விட்டால் முதல் இரண்டு வாரம் அவன் கொடுக்கிற பாஸ் எல்லாம் கோட்டைத் தாண்டி ஓடும், ஏனென்றால் மணலுக்குப் போடுகிற பலத்தைப் புல்லிலும் போடுகிறான். ஒரு நாள் ட்ரையல் பார்க்கிறவன் இதைப் பார்த்துவிட்டு, பையனுக்குப் பாஸ் வராது என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். இரண்டு வாரம் வைத்துப் பார்க்கிறவன்தான் கண்டுபிடிப்பான். நான் கண்ணால் பார்த்தது, என் கையிலேயே அப்படிப் போன பையன்கள் உண்டு. ஒருவன் இப்போது ஐஸ் உடைக்கிறான், இன்னொருவன் மஸ்கட்டில்.

எனவே கோச் வந்து பார்க்கணும் என்பதல்ல, அனுப்புகிற ஆளுக்கு எதைப் பார்க்கணும் என்று சொல்லித்தரத் தெரிந்த கோச் வேண்டும். அது வெளிநாட்டவருக்கும் தெரியலாம். அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர்தானே? சென்னை சிட்டிக்கு 2019ல் ஐ-லீக் வாங்கிக்கொடுத்தார், எட்வின் மாதிரி நம்ம மாநிலத்துப் பையன்களையும் வைத்து. கோயம்புத்தூரில் கடைசி மேட்ச், மினெர்வாவை 3-1.

நாஞ்சில் நீலம்:
சார், அந்த மேட்ச்சுக்கு நான் கோயம்புத்தூர் போயிருந்தேன்! இப்போது அந்த அணியே லீக்கில் இல்லை என்பதை நினைத்தால்...

மூன்றாம் வரிசை (மணவாளக்குறிச்சி):
எல்லாரும் அண்ணன் தம்பிகளாகவே பேசுகிறீர்கள், நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

என் மகளுக்குப் பதிமூன்று வயசு, இடது கால் ஆட்டக்காரி. இரண்டு வருடம் முன்னால் ஒரு அகாடமியிலிருந்து தேர்வு என்று தகவல் வந்தது, பெயர் வேண்டாம். தகவல் வந்தது முந்தின நாள் மத்தியானம், தேர்வு சென்னையில் மறுநாள் காலை ஏழு மணிக்கு. ரயிலில் உட்காரக் கூட இடம் இல்லை, கதவுப் பக்கத்தில் பையை வைத்து அதன் மேல் அவளை உட்கார வைத்து, நான் நின்றுகொண்டே போனேன். ரயில் எழும்பூர் போய்ச் சேரும்போதே மணி ஏழு தாண்டியாச்சு, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போனால் பெயர் எழுதி முடித்தாச்சு என்றார்கள். நாகர்கோவிலிலிருந்து வருகிறோம் என்றேன். அந்த ஆள், அங்கேயும் ஃபுட்பால் ஆடுவாங்களா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்குது.

கோச் யார் என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. யாராக இருந்தாலும் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் வருடத்துக்கு ஒரு தேர்வு வையுங்கள், ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள்.

மஞ்சப்படை மார்த்தாண்டம்:
அக்கா, இதைப் படித்த பிறகு கிண்டல் வரவில்லை. எங்கள் பக்கம் ஒன்று பாருங்க. எல்லையைத் தாண்டினால் பொழியூர். நீரோடியில் நின்று பந்தை ஓங்கி அடித்தால் அங்கே விழும் என்று சொல்லலாம், அவ்வளவு பக்கம். அதே கடல், அதே மணல், அதே மீன். அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபிக்கு ஆடியிருக்கிறார்கள் என்று பாருங்க, 2018ல் கேரளா கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் தோற்கடித்ததே, அந்த அணியில் சீசன் என்று ஒருவன் இருந்தான், பொழியூர்ப் பையன். கோச் சதீவன் பாலன், அவரும் திருவனந்தபுரத்துக்காரர்தான். நம்ம பையன்களுக்கு என்ன குறைச்சல்? பார்க்கிறவன் இல்லை, அதுதான்.

தூத்தூர் கரை:
இதை நீ நீலச்சட்டை போட்டுக்கொண்டு சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

ஷார்ஜா ஷிப்ட்:
எல்லாம் சரி, லீக் நடக்குமா? அதைச் சொல்லுங்க முதலில். நான் இங்கே சேனல் ரீசார்ஜ் போடணுமா வேண்டாமா?

கூட்டல் கழித்தல்:
அதுதான் விஷயமே. இந்திய ஃபுட்பால் சம்மேளனத்துக்கும் லீக் நடத்துகிற கம்பெனிக்கும் 2010ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது. புது ஒப்பந்தம் ஆகாததால் ஜூலையில் லீக்கை நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நம்ம கிளப்பே முதல் அணி வேலைகளை நிறுத்தி வைத்திருக்கு. ஆட்டம் இல்லை, ஸ்பான்சர் இல்லை, தேதி இல்லை. இந்த நிலையில் எந்த ஐரோப்பியக் கோச் வருவார்? வந்தாலும் அவருக்கும் அவர் கூட வருகிற இரண்டு உதவியாளர்களுக்கும் கொடுக்கிற பணத்துக்கு யார் பொறுப்பு? அதனால் நீலம் தம்பி சந்தோஷப்படலாம், இந்தியக் கோச்தான் வருவார். கொள்கையால் அல்ல, கையில் காசு இல்லாததால்.

நாஞ்சில் நீலம்:
இப்படி ஜெயிக்க நான் ஆசைப்படவில்லை அண்ணே.

கணக்கு பார்த்தால் சரிதான். ஆனால் மூன்றாம் வரிசை அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து நான் ஆரம்பித்த கேள்வியே கொஞ்சம் சின்னதாகத் தெரியுது. நான் ஏழு இந்திய ஆட்டக்காரர்கள் என்று எழுதினேன், அந்த ஏழு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசிக்கவே இல்லை. நான் நாகர்கோவிலில் இருந்துகொண்டே தூத்தூர் பக்கம் ஒரு டூர்ணமென்ட்டுக்குக் கூடப் போனதில்லை, கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போயிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கு.

இருந்தாலும் மிராண்டா என்பதில் மாறவில்லை. பிடி சார் சொன்ன பாஷா அவர் கூட இருந்தால் இன்னும் நல்லது, ஒருவருக்கு அணி, ஒருவருக்கு ஊர். இரண்டும் ஒரே ஆளால் ஆகாது.

பிடி சார்:
நல்லது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், குறைந்தது மூன்று வருட ஒப்பந்தம். மார்த்தாண்டம் தம்பி முதலிலேயே சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பேட்ச் பையன்களை எட்டாம் வகுப்பில் எடுத்தால் பத்தாம் வகுப்பில்தான் அவர்கள் ஒரு டீம். முதல் வருடம் பெரிய தோல்வியாகத்தான் இருக்கும், ஒரு வருடம் எங்களுக்கு ஒன்பது கோல் விழுந்தது, தலைமையாசிரியர் கூப்பிட்டு வேறு விளையாட்டு இருக்கா என்று கேட்டார்.

ஐஸ்பிளாண்ட்:
ஒன்பது கோலா 😂 சார், அந்த கோலி யாருன்னு தெரியுமா? நான்தான்.

பிடி சார்:
தெரியும். அதனால்தான் உன் பெயரைச் சொல்லவில்லை.

மஞ்சப்படை மார்த்தாண்டம்:
😂😂😂 இந்த இழையைப் பூட்டிவிடலாம், இதற்கு மேல் ஒன்றும் வராது.

ஷார்ஜா ஷிப்ட்:
பிரேக் முடிந்தது. என் ஓட்டு இன்னும் ஹபாஸுக்குத்தான், எழுதி வைத்துக்கோங்க. அக்கா, மகளுக்குப் பூட் சைஸ் என்ன? டிசம்பரில் ஊருக்கு வரேன்.

மூன்றாம் வரிசை:
நாலு, தம்பி. வளர்கிற பிள்ளை, ஐந்தாகவே வாங்கிக்கொண்டு வாங்க.

தூத்தூர் கரை:
நீலம், ஓணம் முடிந்து இங்கே செவன்ஸ் டூர்ணமென்ட் (அணிக்கு ஏழு பேர்) இருக்கு, வா. பஸ்ஸில் களியக்காவிளை வழியாக வராதே, அது சுற்று வழி. புதுக்கடை வந்து கூப்பிடு, யாராவது வண்டியோடு நிற்பார்கள். நான் இருக்க மாட்டேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்தாச்சு, நாளை விடியற்காலை தேங்காப்பட்டணத்திலிருந்து கடலில் தங்கலுக்குப் போகிறோம், வர ஒரு மாதம் ஆகும். கரை விட்டால் போனில் ரேஞ்ச் கிடையாது. கோச் பெயரை அறிவித்தால் கரைக்கு வருகிற ஏதாவது படகில் சொல்லிவிடுங்க, அவர்கள் வயர்லெஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள்.

மஞ்சப்படை மார்த்தாண்டம்:
சொல்லிவிடுகிறேன். நீ திரும்பி வருவதற்குள் அவரையும் மாற்றியிருந்தால் அதையும் சொல்கிறேன்.

ஐஸ்பிளாண்ட்:
தூத்தூர் அண்ணே, ஐஸ் எத்தனை பார் ஏற்றணும்? காலையில் மூணு மணிக்கு லோடு வந்துவிடும்.